பிளட்போர்ன்: இரண்டு பட்டறைகளும் ஒரு பாவையும்

பிளட்போர்ன், ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 4-க்காக வெளிவந்த வீடியோ கேம். இயக்கியவர் மியாசாகி ஹிடெடாகா. கோதிக் பாணிக் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கும் யார்னம் என்னும் கற்பனை நகரம் இதன் களம். அங்கே இரத்தமே மருந்து. அதை ஏற்றிக்கொண்டவர்கள் மெல்ல மெல்ல மிருகமாகிறார்கள். நோய் தீர அந்த ஊருக்கு வந்த ஓர் அயலூர்க்காரர் இரத்தம் ஏற்றிக்கொண்டு கண்விழிக்கும்போது வேட்டை இரவு தொடங்கியிருக்கிறது. அந்த அயலூர்க்காரராகத்தான் நாம் ஆடுகிறோம்.

இந்த விளையாட்டு தன் கதையை நேராகச் சொல்வதில்லை. கிடைக்கும் சட்டை, சாவி, எலும்புத்துண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிக் குறிப்பு உண்டு. கதை அந்த வரிகளில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்ப்பது ஆடுபவர் வேலை. அப்படிச் சேர்த்தவர்கள் எழுதியவையே ‘ஃபேன் தியரி’ எனப்படும் ரசிகர் கோட்பாடுகள். ரெட்கிரேவ் என்ற பெயரில் ஒருவர் எழுதிய ‘தி பேல்பிளட் ஹன்ட்’ ஒரு சிறு நூல் அளவுக்கு நீள்வது. யூடியூபில் வாட்டிவிட்யாவின் காணொளிகள் பலருக்கு முதல் பாடம். இவற்றை வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் செய்யப்படும் வேலை உரையாசிரியர் வேலைதான். உரையில் நல்லதும் மோசமானதும் உண்டு என்பதுபோல இதிலும் உண்டு. மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒரு புதிரை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றைத் தரம் பிரிக்க முயல்கிறது இக்கட்டுரை.

இரண்டு பட்டறைகள்

வேட்டைக்காரர் அவ்வப்போது ‘வேட்டையர் கனவு’ என்ற இடத்துக்குத் திரும்பலாம். மூடுபனிக்கு நடுவில் ஒரு மேடு, கல்லறைகள், வெள்ளைப்பூக்கள், ஒரு சிறிய பட்டறை. சக்கர நாற்காலியில் கெர்மன் என்னும் முதியவர். படியோரம் ஆளுயரப் பொம்மை ஒன்று. முதலில் அது வெறும் பொம்மை. நமக்கு ‘இன்சைட்’ என்னும் உள்ளறிவு ஒரு புள்ளி கிடைத்ததும் அது எழுந்து பேசுகிறது.

பிறகு, யார்னம் நகரத்திற்குள்ளேயே, ஒரு கோபுரத்தின் உட்புற விட்டங்களில் கவனமாகக் குதித்து இறங்கினால் ஒரு கதவு வரும். திறந்தால் அதே பட்டறை. அதே படி, அதே அறை, அதே பீடம். கெர்மன் இல்லை. பொம்மை மூலையில் சாய்ந்து கிடக்கிறது, எவ்வளவு உள்ளறிவு சேர்த்திருந்தாலும் அசையாது. ஆடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் சற்று நேரம் கட்டுப்பொறியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு இடத்தின் கண்ணாடிப் பிம்பத்திலேயே இத்தனை நேரம் குடியிருந்திருக்கிறோம்.

எது அசல், எது பிம்பம்? ரசிகர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள்.

எல்லாம் கனவு என்னும் வாதம்

முதல் விடை எல்லாவற்றையும் கனவாக்கிவிடுவது. தொடக்கத்தில் இரத்தம் ஏற்றும் கிழவர், நடக்கப்போவதை வெறும் கெட்ட கனவென்று எண்ணிக்கொள்ளலாம் என்கிறார். ஒரு முடிவில் வேட்டைக்காரர் காலை வெளிச்சத்தில் கண்விழிக்கிறார். ஆக நோயாளியின் காய்ச்சல் மயக்கமே முழு விளையாட்டும் என்பது வாதம்.

இதைவிடப் பலவீனமான கோட்பாடு இல்லை. எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகக் காட்டுகிறது. கனவு என்றால் பொய், பொய் என்றால் பொருளற்றது என்ற இரண்டு எண்ணங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நம்பி நிற்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது பழைய வழக்கு. இதற்கு வலுவான எதிர்வாதம் வைத்தவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார்.

மரபு சொல்லும் கணக்கில் இராமானுசர் பிறந்த ஆண்டு 1017. ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதத்தில் கனவைப் பற்றிப் பேசும்போது, கனவில் காணும் பொருட்கள் பொய்யல்ல என்கிறார். காண்பவனின் வினைக்கேற்ப, அவன் மட்டும் காணும்படி, அந்த நேரத்திற்கு மட்டும் நிற்கும்படி இறைவனே அவற்றைப் படைக்கிறான். முதல் சூத்திர உரையில் கண்ணாடியையும் எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியில் முகம் காண்பதும் உண்மைக் காட்சிதான். கண்ணின் கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் முகத்தையே பற்றுகிறது. வேகத்தால் இடைவெளி தெரிவதில்லை என்பது அவர் விளக்கம். இன்றைய ஒளியியலுக்கு இது ஒவ்வாது. ஆனால் பிம்பத்தைக் கண்டதும் ‘போலி’ என்று கைவிடாமல், காண்பது எதை என்று கேட்கிற அந்தப் பழக்கம் முக்கியம். (இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் என்றால் கார், கைபேசி. முகம் பார்க்கும் கண்ணாடியும் அங்கே உருவாகிறது. 1665-ல் பிரெஞ்சு அரசவைக்குக் கண்ணாடி செய்யத் தொடங்கிய செயின்ட் கோபைன் 2000-ல் அங்கே ஆலை திறந்தது.)

பிளட்போர்னின் ஆசிரியர்களுக்கு ஸ்ரீபாஷ்யம் தெரிந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரையறையை வைத்துப் பார்த்தால் விளையாட்டின் சான்றுகள் சட்டென்று ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. கைவிடப்பட்ட பட்டறையின் பீடத்தில் ஒரு தொப்புள்கொடித் துண்டு கிடைக்கும். பேருருக்கள் ஒவ்வொன்றும் தன் குழந்தையை இழந்து, அதன் இடத்தில் வைக்க இன்னொன்றை ஏங்கித் தேடும் என்கிறது அதன் குறிப்பு. வெளிறிய நிலவுடன் சந்திப்பு நேர்ந்ததும், வேட்டையர் கனவு கருக்கொண்டதும் அந்தக் கொடியால்தான். அதாவது கனவுக்கு ஓர் ஆக்கியோன் உண்டு. அது மயக்கம் அல்ல, படைப்பு.

ஒப்புமை உடையும் இடமும் உண்டு. இராமானுசரின் கனவு ஒருவனுக்கு மட்டுமானது. இங்கே கெர்மன் இருக்கிறார், முன்பு கனவு கண்ட வேட்டையர் வேறு சிலரும் நகரத்தில் இருக்கிறார்கள். ஐலீனும் ஜூராவும் தாங்கள் இனிக் கனவு காண்பதில்லை என்று சொல்கிறார்கள். பலர் வந்துபோகும் கனவு இது, சத்திரம் மாதிரி.

யாருடைய விருப்பம்

இரண்டாவது வகைக் கோட்பாடுகள் பொம்மையிடமிருந்து தொடங்கியவை. இவைதான் தேர்ந்தவை. காரணம், கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு பேசுகின்றன.

கைவிடப்பட்ட பட்டறையில் ஒரு சிறிய கூந்தல் அணி கிடைக்கிறது. அதைக் கனவிலிருக்கும் பொம்மையிடம் கொடுத்தால், எதுவும் நினைவில்லை, ஆனாலும் ஓர் ஏக்கம் வருகிறது என்ற பொருளில் பேசி அழுகிறது. கண்ணீர் மணியாக உறைகிறது. பொம்மையின் உடைக்கான குறிப்பு, அதைச் செய்தவர் வைத்திருந்த அன்பு பித்துக்கு நெருங்கியது என்கிறது. பொம்மையின் முகம் யாருடையது என்று சொல்ல மூல விளையாட்டில் எதுவுமில்லை. 2015 நவம்பரில் ‘தி ஓல்ட் ஹன்டர்ஸ்’ என்ற கூடுதல் பகுதி வந்தபோது, கடிகாரக் கோபுரத்தில் மரியா என்ற பெண் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கெர்மனின் மாணவி. அவர்மேல் மதிப்பு வைத்திருந்தாள், அவருடைய விசித்திரமான பித்தை அறியாமல் — இது அவள் உடைக்கான குறிப்பு. இரண்டு உடைகள், இரண்டு குறிப்புகள், இரண்டிலும் பித்து. ரசிகர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஏட்டுச்சுவடி பார்க்கிறவர் செய்யும் வேலை இது.

பிரதி என்பதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க ஸ்ரீபெரும்புதூரிலேயே சொற்கள் உள்ளன. வைணவ மரபில் இராமானுசருக்கு மூன்று திருமேனிகள். திருவரங்கத்தில் உள்ளது அவரேயான ‘தானான திருமேனி’. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ளது, அவர் வாழ்ந்தபோதே செய்யப்பட்டு அவரே தழுவி ஏற்றுக்கொண்டதாகச் சொல்லப்படும் ‘தான் உகந்த திருமேனி’. மேல்கோட்டையில் உள்ளது, அவரைப் பிரிய மனமில்லாத அடியார்களுக்காக அமைந்த ‘தமர் உகந்த திருமேனி’. அசலா நகலா என்று இந்த மரபு கேட்கவில்லை. உகந்தது யார் என்று கேட்கிறது.

அந்தக் கேள்வியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் கெர்மனின் பொம்மை வேறு மாதிரித் தெரியும். அது தமர் உகந்தது, அதுவும் உகந்தவர் ஒருவரே. மரியா அதைத் தழுவவில்லை. அவளைக் கேட்டதாகவும் தெரியவில்லை. அவளை நாம் கோபுரத்தில் வீழ்த்திவிட்டுத் திரும்பினால், கனமான விலங்கொன்று கழன்றதுபோல இருக்கிறது, தான் மாறிவிட்டேனா என்று பொம்மை கேட்கிறது. பிரதிக்கு மூலத்தோடு இருந்த கட்டு விலங்காகத்தான் இருந்திருக்கிறது. செய்தவரின் நிலையும் அதுவே. தூக்கத்தில் கெர்மன் இந்தக் கனவு போதும், யாராவது விடுவியுங்கள் என்று அரற்றுவதைக் கேட்கலாம். தான் ஆசைப்பட்ட பிம்பத்தோடு தானே அடைபட்டுக் கிடக்கிறார். பல காணொளிகள் கெர்மனைக் காதலில் தோற்ற சோகநாயகனாக வரைகின்றன. மரியாவின் உடைக் குறிப்பில் இருக்கும் ‘அறியாமல்’ என்பதை அவர்கள் படிக்கவில்லை.

தமிழில் பாவை என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி மூன்றும். எதிரில் நிற்பவர் சிறிதாகத் தெரிவது அந்த மூன்றாவது பாவையில்தான்.

பாடபேதம்

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோட்பாடுகளில் பல ஆங்கிலப் பாடத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டவை. தொடக்கத்தில் கிடைக்கும் குறிப்பு ஆங்கிலத்தில், வேட்டையைக் கடந்து செல்வதற்காக வெளிறிய இரத்தத்தைத் தேடச் சொல்கிறது. ஜப்பானிய மூலத்தில் அது வேட்டையை நிறைவேற்றுவதற்காக. கடப்பதும் முடிப்பதும் ஒன்றல்ல. ‘கடத்தல்’ என்ற சொல்லின்மீது ஞானத்தேடலாகக் கட்டப்பட்ட மாளிகைகள் எத்தனையோ.

தீராத ஒரு முடிச்சு கடைசி முடிவில் இருக்கிறது. தொப்புள்கொடித் துண்டுகள் மூன்றை உட்கொண்டு, கெர்மனையும் வீழ்த்தி, இறங்கிவரும் நிலவின் பேருருவையும் வென்றால், வேட்டைக்காரர் ஒரு பேருருக் குழவியாகத் தரையில் நெளிகிறார். பொம்மை அதைக் கையில் எடுத்துக்கொள்கிறது. பொம்மையைச் செய்தவர் இல்லை, அது யாரைப் போலச் செய்யப்பட்டதோ அவள் இல்லை, கனவைப் படைத்ததும் இல்லை. எங்கள் மூன்று சொற்களில் எதுவும் இப்போது அதற்குப் பொருந்தவில்லை. குழவியைப் பார்த்துக் குளிர்கிறதா என்று கேட்கிறது.