புதர்களும் பெயர்களும்: மத்தியதரைக்கடற் காட்டுத் தாவரப் பாகுபாட்டின் சமூக அடிப்படை

மத்தியதரைக்கடலைச் சூழ்ந்த நிலங்களில் இயல்பாக வளரும் பூக்குந் தாவரங்களும் பன்னங்களும் ஏறத்தாழ 25,000 இனங்கள் என்பர். அவற்றுட் பாதியளவானவை உலகின் வேறெப்பகுதியிலும் காணப்படாதவை. இவற்றை வகைப்படுத்துதலும் பரம்பலை வரைதலும் தாவரவியலாரின் பணி. இலக்கியத் திறனாய்வாளனுக்கு ஆங்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். வகைப்படுத்தல் பெயரிடுதலில் தொடங்குகிறது. பெயர்களோ ஒரு சாராரின் உழைப்பிற் பிறந்து, பிறிதொரு சாராரின் நூல்களிற் குடியேறியவை. இக்குடியேற்றத்தின் வரலாறே நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

அரிஸ்டோட்டிலுக்குப் பின் அவரது கல்விக்கழகத்துக்குத் தலைமை தாங்கிய தியோபிராஸ்தஸ் (ஏறத்தாழ கி. மு. 371 - 287) இயற்றிய தாவர ஆராய்ச்சி நூல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. மரம், செடி, குறுஞ்செடி, பூண்டு என அவர் தாவரங்களை நால்வகைப்படுத்தினார். இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று கலக்கும் என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். இவற்றுள் மூன்றாவது வகை நமது கவனத்துக்குரியது. குறுஞ்செடிக்கு அவர் வழங்கிய பெயர் 'பிறிகனொன்'. அக்காலக் கிரேக்கத்தில் அச்சொல் உலர்ந்த சுள்ளியை, அடுப்பெரிக்கும் விறகைக் குறித்தது. விறகு பொறுக்குவோரின் சொல் மெய்யியலாளரின் பகுப்பினுள் வகைப்பெயராயிற்று. இன்றும் கிரேக்கத்தினதும் ஈஜியத் தீவுகளினதும் முள்ளடர்ந்த குறும்புதர்ப் பரப்பினைத் தாவரவியலார் 'பிறிகனா' என்றே அழைக்கின்றனர்.

நூலை ஊன்றிக் கற்போர் இதனை ஒரு தற்செயலாகக் கொள்ளமாட்டார். ஈடா மலையின் மக்கள் ஓக் மரங்களை ஐந்தாகப் பிரிக்கின்றனர் என்றும், பைன் மரங்களின் பெயர்களில் ஈடாவினருக்கும் ஆர்க்கேடியருக்கும் ஒற்றுமையில்லை என்றும் ஆசிரியர் எழுதுகின்றார். வேர் அகழ்வோரின் வழக்கங்களையும் சலித்துப் பார்க்கின்றார். நச்சுச்சாறுள்ள வேரினை வெட்டுமுன் உடலில் எண்ணெய் பூசிக்கொள்வது அறிவுடைமை என்று ஏற்பவர், பியோனியை இரவிலே அகழவேண்டும் என்பதை மிகைப்பட்ட கூற்றெனத் தள்ளுகின்றார். அந்நூலின் பெரும்பலம் இவ்வாய்மொழிச் சான்றுகளிலேயே தங்கியுள்ளது என்பது நமது கருத்து. ஆயினும் அவற்றைத் தந்தோர் 'ஈடாவினர்', 'மக்கெடோனியர்' என்ற கூட்டுப்பெயர்களாகவே நிற்கின்றனர். பெயருடன் தோன்றுவோர் பெரும்பாலும் மெய்யியலாளரும் மருத்துவருமே.

'காட்டுத் தாவரம்' என்ற வகையே உழைப்போடு பிணைந்தது. பராமரிப்புப் பெறுவது நாட்டுத் தாவரம், பெறாதது காட்டுத் தாவரம்; எந்த இனமும் இரண்டாகவும் இருக்கவல்லது என்றார் ஹிப்போன். தியோபிராஸ்தஸ் இதனை மறுத்தார். பயிராக்கத்துக்கு இணங்காத இனங்களும் உள என்பது அவர் வாதம், சில்பியம் அத்தகையது. வட ஆபிரிக்காவின் சைரீன் பகுதியில் விளைந்து, அந்நகரின் நாணயங்களிலும் பொறிக்கப்பெற்ற செடி அது. லிபியாவில் 4,000 ஸ்தேடியத்துக்கும் மேற்பட்ட பரப்பில் அது வளர்ந்தது என்றும், நிலம் உழப்படுந்தோறும் பின்வாங்கிச் சென்றது என்றும் அவர் குறிக்கின்றார். அதன் வேரை வெட்டுவதற்குச் சுரங்கங்களுக்குரியன போன்ற அளவு விதிகள் இருந்தனவாம். காட்டுச்செடி கனிப்பொருள் போல் வருவாய்க்கு உட்பட்டிருந்தமை இதனாற் புலனாகின்றது.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியபோது அச்செடி அங்கு அற்றுப்போயிருந்தது. தம் காலத்திற் கிடைத்த ஒரேயொரு தண்டு நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டது என்கிறார். அவர் காட்டும் காரணம் ஆழ்ந்து நோக்கற்பாலது: மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தோர், கூடிய இலாபங்கருதி அவற்றைக் கால்நடைகளுக்கு இரையாக்கினர். இங்கே அழிவுக்குப் பொறுப்பாளி குத்தகை முறை.

மத்தியதரைக்கடலின் அதே தென்கரையில், 1830இல் அல்ஜீரியாவினுட் புகுந்த பிரெஞ்சு ஆட்சி வேறொரு கதையை எழுதிற்று. தென் பிரான்சின் சுண்ணக்கற் புதர்நிலம் 'கரீக்' எனவும், சிலிக்கா மண்ணின் அடர்புதர் 'மாக்கி' எனவும் வழங்கும். முன்னது ஒக்சித்தான் மொழியில் ஓக் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், பின்னது கோர்சிக்கத் தீவிலிருந்தும் வந்தவை. (இரண்டாம் உலகப்போரில் நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்த கெரில்லாக்கள் 'மாக்கி' என்ற பெயரையே ஏற்றனர்.) புதர் என்பது சீரழிந்த காடு என்ற கோட்பாடு வலுப்பெற்றபோது, ஊர்ப்பெயர்களாயிருந்த இச்சொற்கள் வீழ்ச்சியின் படிநிலைகளாயின. வகைப்பெயர் குற்றப்பத்திரமாக மாறிய இடம் இதுவே. உரோமரின் களஞ்சியமாயிருந்த நாட்டை அராபிய இடையரும் அவர்தம் ஆடுகளும் பாழாக்கினர் எனப்பட்டது. 1827ஆம் ஆண்டின் பிரெஞ்சு வனச்சட்டம் அங்கும் நீண்டது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுத்தீக்காகக் குலங்கள்மீது கூட்டுத்தண்டம் விதிக்க வழிசெய்தது. இக்கதை நிலப்பறிப்புக்கு எங்ஙனம் உதவிற்று என்பதை டயானா டேவிஸ் 2007இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். குரோவும் இரக்கமும் 2001இல் எழுதிய நூல், பாழடைந்த நிலம் என்ற கருத்தையே ஐரோப்பியக் கரையிலும் ஐயுற்றது. இவ்விரண்டனுள் டேவிசின் நூலே நமக்கு அணுக்கமானது. ஏனெனில் கதையால் ஆதாயம் அடைந்தோர் யாரென அது கேட்கின்றது.

இவ்விடத்து நம் பக்கத்துப் பிழையொன்றையும் மறைத்தலாகாது. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி 1876இல் எழுதிய கட்டுரையில், கிரேக்கத்தின் மலைகளை ஆடுகள் மொட்டையாக்கின என்ற கூற்றை எங்கெல்சும் ஐயமின்றி எடுத்தாள்கின்றார். காடழிப்பின் எதிர்பாரா விளைவுகள் பற்றி அக்கட்டுரை கூறுவது இன்றும் பயனுடையது. ஆனால் ஆடு எவருடையது, மேய்ச்சல் நிலம் எவருக்குரியது, வாரம் எவருக்குச் சென்றது என்ற வினாக்களை அந்த வாக்கியத்தில் அவர் எழுப்பவில்லை. உரோமப் பேரரசின் ஆளும் வர்க்கத்தவரான பிளினி, சில்பியத்தைப் பொறுத்தமட்டில் அவற்றை எழுப்பியிருந்தார்.