புகை வரும் நேரம்

பழைய கார் ஆயில் குடிக்கிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பல பட்டறைகளில் தீர்ப்பு வந்துவிடும்: “ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்.” சில வண்டிகளில் அது உண்மையாகவும் இருக்கும். சேலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அப்படிச் சொல்வதில்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் கேட்பது ஒன்றுதான்: “புகை எப்ப வருது?” நீலமா கறுப்பா என்றுகூட முதலில் கேட்க மாட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சிக்னலில் நின்று கிளம்பும்போதா, மேடு ஏறும்போதா, இறக்கத்திலா? கார்க்காரர் யோசித்து யோசித்துப் பதில் சொல்லச் சொல்ல, இவர் எதையும் கழற்றாமலே இன்ஜினுக்குள் போய்வந்துவிடுகிறார். எத்தனையோ கைவேலைகளைப் பார்த்து ரசித்திருக்கிறேன். இதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

எவ்வளவு நுணுக்கமான ஒன்றை அவர் தேடுகிறார் என்பது கணக்குப் போட்டால்தான் புரியும். மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில். 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைந்தால் அது பெருங்குடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்துக்கு 1000 நிமிடம். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிவதால் நிமிடத்துக்கு 4500 எரிப்பு. மொத்தம் 45 லட்சம். ஒரு லிட்டரில் சுமார் 20,000 சொட்டு. ஆக, ஒரு சொட்டு ஆயிலை இருநூற்றுச் சொச்சம் பங்காக்கினால், ஒரு எரிப்புக்குப் போவது அதில் ஒரே ஒரு பங்கு. அந்தப் பங்கு எந்தச் சந்து வழியாக உள்ளே நுழைகிறது என்பதை வெளியில் நின்று சொல்லியாக வேண்டும்.

அதற்கும் முன்னால், ஆயில் எரிகிறதா ஒழுகுகிறதா என்று தீர்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களை நான் நம்புவதில்லை. இன்ஜினை நன்றாகக் கழுவி, காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி நாலு தெரு ஓட்டிவிட்டு வந்தால், வெள்ளையின் மேல் ஆயில் தன் பாதையைத் தானே வரைந்து காட்டும். மாருதியில் டாப்பட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் என்று இடங்கள் தெரிந்தவை. இதில் டிஸ்ட்ரிபியூட்டர் பொல்லாதது. மேலே கசிந்து, வழிந்து, கியர்பாக்ஸ் பக்கம் படிந்து, கிராங்க் ஆயில் சீல்தான் போய்விட்டது என்று நினைக்க வைக்கும். சில ரூபாய் வளையத்துக்காக கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் உண்டு.

அம்பாசடர் வேறு ஜாதி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டிய மறை, சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வண்டி நின்றால் அந்த மறையும் நின்றுவிடும். ஆகவே நிறுத்திய இடத்தில் நாலு சொட்டு விழுவது அந்த இன்ஜினின் பிறவிக்குணம், நோய் அல்ல. திடீரென்று நாலு சொட்டு நாற்பதானால், சம்ப்புக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியது பிரீதர் குழாயை.

டிப் ஸ்டிக் பார்ப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரே சமதரையில், ஓடிய இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, முதல் தடவை இழுத்துத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை இழுத்ததைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு சூட்சுமத்தை அவரிடம்தான் கற்றேன். பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தாலோ, சோக் சரியாகத் திறக்காவிட்டாலோ, பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஊருக்குள் குட்டிக்குட்டி ஓட்டம் ஓடும்வரை மட்டம் குறையவே குறையாது. ஆயில் எரிவதைப் பெட்ரோல் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் நீளமாக ஒரு ஓட்டம். இன்ஜின் நன்றாகச் சூடேறி, பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். போய்ச் சேர்ந்து பார்த்தால் ஆயில் பாதி இல்லை. “ஹைவேல ஆயில் குடிக்குது தம்பி” என்று வருவார்கள். அவர் டிப் ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோவார். பெட்ரோல் வாடை அடித்தால் ரிங்கைப் பற்றிய பேச்சையே எடுக்க மாட்டார்.

இனி புகை. நீலப் புகை என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் தண்ணீர் என்று எல்லோரும் ஒப்பிப்பது தப்பில்லை. ஆனால் நிறம் பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆயில் புகை நுண்ணிய துளிகளின் கூட்டம். அது நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. மரநிழல் பின்னால் இருக்கப் பார்த்தால் நீலமாகத் தெரிவது, வெளுத்த வானத்துக்கு எதிரே பார்த்தால் பழுப்படிக்கும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில், கொஞ்சம் கொஞ்சமாக எரிகிற ஆயில் புகையாகவே வெளியில் தெரியாமல் போகலாம். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. நிறத்தில் இப்படி ஏமாறலாம். புகை வரும் நேரத்தில் ஏமாறுவது கஷ்டம்.

ஏன் என்றால், ஒவ்வொரு சந்துக்கும் அதற்குரிய வேளை இருக்கிறது. மேலிருந்து இறங்கும் வழி வால்வு கைடு. வால்வுத் தண்டைச் சுற்றிக் குட்டித் தொப்பி மாதிரி ஒரு ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கும். சூட்டில் வருஷக்கணக்காக வெந்து அது இறுகிவிட்டால், இரவு முழுக்க ஹெட்டில் தங்கிய ஆயில் தண்டு வழியே மெல்ல இறங்கி வால்வின் முதுகில் தேங்கும். காலை முதல் ஸ்டார்ட்டில் ஒரே ஒரு நீலக் குபுக். அரை நிமிடத்தில் சுத்தமாகிவிடும். நாள் முழுக்க அப்புறம் ஒன்றும் இராது. சிக்னலில் நெடுநேரம் ஐடிலில் நின்றாலும் அப்படித்தான். திராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். அது கைடு வழியாக ஆயிலை உறிஞ்சும். பச்சை விழுந்து கிளம்பும்போது பின்னால் இருப்பவர் முகத்தில் அடிக்கும்.

கீழிருந்து ஏறும் வழி ரிங். அது வேளை பார்க்காது, பாரம் பார்க்கும். மேட்டில் இழுக்கும்போது விடாமல் புகையும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டால் அங்கிருந்தும் புஸ்புஸ் என்று காற்றும் புகையும் வரும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க சேலத்துக்காரருக்குக் கையருகிலேயே சோதனைச்சாலை இருக்கிறது. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியை உரிமையாளர் ஓட்ட, இவர் பைக்கில் பின்னால் போவார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய கார்ப்பரேட்டர் மாருதியை அப்படிச் சோதித்தபோது பைக்கில் அவருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். ஏறும்போது இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறியும் சைலன்சரில் கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. மேலே போய்த் திரும்பினோம். “சார், ரெண்டாம் கியர்லயே விடுங்க. ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காதீங்க. நான் ஹாரன் அடிச்சா மட்டும் ஒரு மிதி மிதிங்க” என்றார். “சரி தம்பி, பிரேக் மேல கால் இருக்கட்டுமா?” “அது உங்க இஷ்டம் சார்.” இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. திராட்டில் மூடிக் கிடக்கிறது. வெற்றிடம் உச்சத்துக்குப் போவது இந்த நேரத்தில்தான். நாலு வளைவு இறங்கியதும், இருபக்கமும் மரம் அடர்ந்த இடமாகப் பார்த்து ஹாரன் அடித்தார். ஒரு மிதி. உருண்டையாக ஒரு நீல மேகம் எழுந்து எங்கள் மேல் படிந்து கடந்தது. காரமான அந்த எரிந்த வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

இறக்கத்துப் புகையை மட்டும் வைத்து அவர் தீர்ப்பு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வெற்றிடம் தளர்ந்த ஆயில் ரிங்கைத் தாண்டியும் கொஞ்சம் உறிஞ்சும். ஏற்றம் சுத்தமாக இருந்ததால்தான் இறக்கத்தின் சாட்சி செல்லுபடியானது.

பட்டறைக்கு வந்ததும் பிளக் மூன்றையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் செய்தித்தாளில் கிடத்தினார். முதல் இரண்டும் வெளிர் பழுப்பு, உலர்ந்த முனை. மூன்றாவது ஈரக் கறுப்பு, விளிம்பில் வெண்சாம்பல் கட்டி. பெட்ரோல் அதிகமானால் பிளக் கரிப்பொடி பூசியதுபோல் உலர்ந்து கறுக்கும். ஆயில் என்றால் பளபளக்கும், ஆயிலில் கலந்திருக்கும் உலோக உப்புகள் எரிந்து வெண்சாம்பலாகத் தங்கும். மூன்றாவது பிளக்கை இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டி இரண்டு நாள் ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது இரண்டாம் சிலிண்டருக்குப் போன பிளக் வெளுத்திருந்தது, மூன்றாம் சிலிண்டருக்குப் போனது கறுத்திருந்தது. குற்றம் பிளக்கில் இல்லை, மூன்றாம் சிலிண்டரில்தான்.

அடுத்து கம்ப்ரஷன் கேஜ். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்ற, மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள் நின்றன. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் சந்தை அடைத்து முள்ளை மேலே தள்ளும். இங்கே அசையவில்லை.

இந்த இடத்தில் பல புத்திசாலிகள் சறுக்குவார்கள். பிஸ்டனில் மேலே இரண்டு ரிங் வாயுவைத் தடுக்க. மூன்றாவது ஆயில் ரிங், சுவரிலிருந்து ஆயிலை வழித்துக் கீழே அனுப்ப. கேஜுக்குத் தெரிந்தது மேலே உள்ள இரண்டை மட்டும். ஆயில் ரிங் கரி பிடித்துத் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஷன் முழுசாக இருக்கும், ஆயிலும் போய்க்கொண்டே இருக்கும். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜினில் நடந்தது அதுதான். அமெரிக்காவில் 2007 மாடல் கேம்ரியும் அதன் உறவு வண்டிகளும் ஆயில் குடிக்க, நிறுவனம் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக்கொடுத்தது. அதற்கு அவர்கள் வைத்த பரீட்சை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயிலை நிரப்பு, 1200 மைல் ஓட்டு, திரும்ப வந்து அள. ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் வேலை செய். அவ்வளவு பெரிய நிறுவனமும் கடைசியில் தூரத்தையும் டிப் ஸ்டிக்கையும்தான் நம்பியது.

ஆசிரியரின் வண்டியில் மேட்டுப் புகை இல்லாததால் ஆயில் ரிங்கும் தப்பித்தது. ஹெட்டை மட்டும் இறக்கினார். மூன்றாம் சிலிண்டரின் இன்டேக் வால்வு முதுகில் கறுப்புக் கரி கெட்டியாக அப்பியிருந்தது, மற்ற இரண்டிலும் மெல்லிய படலம்தான். பழைய சீலை நகத்தால் நெரித்தார். காய்ந்த வடாம்போல் நொறுங்கியது. வால்வைக் கொஞ்சம் தூக்கி இருபக்கமும் ஆட்டிப் பார்த்ததில் மூன்றாவது கைடிலும் ஆட்டம் தெரிந்தது. அது லேத் பட்டறைக்குப் போனது. சீல்கள் எல்லாம் புதுசு. பிஸ்டனைத் தொடவில்லை.

புகை வரும் பழைய காரில் கெட்டி ஆயிலை ஊற்றி, ஏன், கியர் ஆயிலையே கலந்து, ஒரு வாரம் புகையை அடக்கி விற்றுவிடுவதும் ஊரில் நடக்கிறது. அதையும் திறமை என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். வாங்க நினைப்பவர் காலையில் குளிர்ந்த இன்ஜினைத் தானே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

இன்ஜினைத் திறக்காமல் விடச் சொல்லும் தீர்ப்பும் உண்டு. போன வருஷம் ஒரு அம்பாசடர் வந்தது. ஏற்றத்தில் மெல்லிய புகை, நாலு பிளக்கும் ஒரே மாதிரி லேசாகக் கறுத்தவை, ஸ்பூன் ஆயில் ஊற்றியதும் நாலு சிலிண்டரிலும் முள் ஏறியது. ரிங் சீராகத் தேய்ந்திருக்கிறது, சந்தேகமில்லை. 2000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். புகைச் சான்றிதழ் சோதனையிலும் தேறியிருந்தது. போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத்தர ஆள் இருந்தும், அவர் பிரீதர் குழாயை மட்டும் கழற்றிக் கழுவி மாட்டினார். “20டபிள்யூ-50 ஊத்துங்க. ரெண்டு தடவை பெட்ரோல் போட்டா ஒரு தடவை ஆயில் பாருங்க. குறையறதை எழுதி வைங்க. ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் ஆகுதா, இல்ல பிளக் அடைச்சு மிஸ்ஸிங் வருதா, அன்னைக்குக் கொண்டாங்கண்ணே, இறக்கிடலாம்.”