கரடிக்குட்டி வீடியோவில் தெரியாதது

2018 நவம்பரில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, ஞாபகம் இருக்கலாம். ரஷ்யாவின் மகதான் பகுதி. செங்குத்தான பனிச்சரிவு. தாய்க்கரடி மேலே போய்விடுகிறது. குட்டி ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது. கடைசியில் எப்படியோ அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'விடாமுயற்சி'ன்னு தலைப்பு வெச்சு எங்க காலேஜ் குரூப்பில் அதைப் போட்டவன் நான்தான்.

மகள்தான் கேட்டாள்: "அப்பா, அந்த அம்மா ஏன் குட்டிய அடிக்குது?"

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குட்டி கிட்டத்தட்ட மேலே வந்துவிட்டது. காட்சி சட்டென்று நெருக்கமாகிறது. தாய் நிமிர்ந்து பார்க்கிறது, முன்காலை வீசுகிறது, குட்டி வெகுதூரம் கீழே சறுக்கிப் போகிறது.

படம் எடுத்தது ட்ரோன். தாய் மிரண்டது அந்த ட்ரோனைப் பார்த்துத்தான் என்று உயிரியலாளர்கள் பலர் அப்போதே சொன்னார்கள். காட்சி நெருக்கமானது ட்ரோன் கிட்டே போனதாலா, எடிட்டிங்கில் பெரிதாக்கியதாலா என்று வீடியோவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என் குறையே அதுதான். அங்கே மொத்தம் மூன்று பேர். நமக்குக் காட்டப்படுவது இரண்டு பேர்.

எங்கள் தொழிலில் இது பழகிய தொல்லை. பக் எங்கே என்று பார்க்க லாக் போட்டால், அந்த லாக்காலேயே நேரக்கணக்கு மாறி பக் ஒளிந்துகொள்ளும். பார்ப்பதும் ஒரு தலையீடுதான்.

இதை ஒழுங்காக அளந்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கிறார்கள். கறுப்புக் கரடிகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை, தோலுக்கடியில் இதயத்துடிப்பைப் பதியும் சின்னக் கருவி. அப்புறம் மேலே ட்ரோன் விட்டார்கள். கரடிகள் பெரும்பாலும் இடத்தைவிட்டு ஓடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால், 'அது பாட்டுக்கு இருக்கு, ஒண்ணும் ஆகலை' என்றுதான் தோன்றும். ஆனால் எல்லாக் கரடிக்கும் துடிப்பு எகிறியது. அதிகபட்சமாக நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடுதல். குளிர்கால உறக்கத்துக்குப் படுத்துவிட்ட கரடியும் தப்பவில்லை. 2015இல் கரண்ட் பயாலஜி இதழில் வந்தது இது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: திரும்பத் திரும்பப் பறக்கவிட்டால் கூண்டுக் கரடிகள் பழகிக்கொள்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் மகதான் கரடிக்குப் பழக அவகாசம் யார் கொடுத்தார்கள்?

'துடிப்பு கூடினா என்ன, அப்புறம் இறங்கிடும்ல?' என்று கேட்கலாம். 2021இல் கலிபோர்னியாவின் போல்சா சிக்காவில், ஆலாப் பறவைகள் அடைகாத்த திட்டில் ஒரு ட்ரோன் விழுந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் கூட்டை விட்டுப் போயின. அனாதையாகக் கிடந்த முட்டைகள் 1,500க்கும் மேல்.

அதற்காக ட்ரோனே வேண்டாம் என்று சொல்லவில்லை. லியான் பின் கோவும் செர்ஜ் விச்சும் 2012இல் சுமத்ராவின் குனுங் லெயுசர் காட்டில் செய்ததைப் பாருங்கள். பொழுதுபோக்குக்காரர்கள் பறக்கவிடும் மாடல் விமானம், ஓப்பன் சோர்ஸ் ஆட்டோபைலட், சாதாரண கேமரா. மொத்தம் 2,000 டாலருக்குள். காடு எங்கே அழிகிறது என்று பார்ப்பதும், மர உச்சியில் ஒராங்குட்டான் கட்டும் கூடுகளைப் படம் பிடிப்பதும்தான் வேலை. விலங்கின் முகம் தேவையில்லை. கூட்டை எண்ணினால் கணக்குக்குப் போதும். இதைவிடச் சாதுவானது ஆடியோமாத். கிரெடிட் கார்டு அளவு ஒலிப்பதிவுக் கருவி. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம், கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டும் மலிவுதான், மகதான் ட்ரோனும் மலிவுதான். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு, அதற்கு எவ்வளவு தள்ளி நின்றால் போதும் என்று யோசித்தார்கள் பாருங்கள், அது மகதான் வீடியோவில் இல்லை. அங்கே கேள்வியே கிடையாது, காட்சி மட்டும்தான்.

இதையெல்லாம் சுருக்கி குரூப்பில் போட்டேன். "ரசிக்க விடுடா" என்று ஒருத்தன் பதில் போட்டான். தப்பு அவன்மேல் இல்லை, முதலில் பரப்பினவன் நான்தானே. பழைய பதிவை அழிக்கவும் முடியவில்லை, நாளாகிவிட்டது.