ஊட்டி மலையில் தனிம அட்டவணையை ரசிப்பது எப்படி?

தனிம வரிசை அட்டவணையைப் பள்ளியில் ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று இடமிருந்து வலமாகவே ஒப்பித்துப் பழகிவிட்டோம். அதன் அழகு மேலிருந்து கீழே படிக்கும்போதுதான் பிடிபடும். ஒரே தொகுதியில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் குணமும் ஒத்துப்போகும். 118 தனிமங்களையும் ஒரேயடியாகப் பார்க்க வேண்டாம். மூன்று தொகுதிகள் போதும். மூன்றையும் நீலகிரியிலேயே பார்த்துவிடலாம்.

வீட்டு வாசல்களில் பூத்திருக்கும் ஹைட்ரேஞ்சியாவிலிருந்து தொடங்குங்கள். அந்த நீலத்துக்குக் காரணம் 13-ஆம் தொகுதியைச் சேர்ந்த அலுமினியம். மலைமழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மண்ணில் அமிலத்தன்மை ஏறுகிறது. அதுவரை மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வேருக்குள் ஏறி, பூவின் நிறமியோடு சேர்ந்து நீலமாகிறது. அதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டுவந்தால் பூ இளஞ்சிவப்புக்கு மாறும்.

பல பயிர்களின் வேரைக் கெடுக்கும் இந்த அலுமினியத்தைத் தேயிலைச் செடி முற்றிய இலைகளில் சேர்த்துவைத்துக்கொண்டு செழிக்கிறது, கொழுந்தில் குறைவுதான். அமிலம் அளவு மீறினால் தோட்டங்களில் டோலமைட் தூவுவார்கள். அதில் இருப்பவை மழை கொண்டுபோன அதே கால்சியமும் மக்னீசியமும்! 2-ஆம் தொகுதியில் மக்னீசியத்துக்கு நேர் கீழே கால்சியம் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும் பங்காளிகள்.

மெண்டலீவ் 1869-இல் அட்டவணை போட்டபோது அறியப்பட்டிருந்த தனிமங்கள் 63 மட்டுமே. அலுமினியத்தின் தொகுதியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் அணு எடை சுமார் 68 என்று கணித்தார். 1875-இல் பிரான்சில் காலியம் கிடைத்தது. அதன் அணு எடை 69.7. அறிவியலில் இதற்கு ஈடான துணிச்சல் குறைவு. காலியம் 29.8 டிகிரியில் உருகும். சென்னை வெயிலில் மேஜைமேலேயே இளகிவிடும். ஊட்டியில் திடமாகவே இருக்கும், உள்ளங்கைச் சூட்டில்தான் உருகும்.

மூன்றாவது, 11-ஆம் தொகுதி: தாமிரம், வெள்ளி, தங்கம். மூன்றும் இயற்கையில் உலோகமாகவே கிடைக்கக்கூடியவை. தேவாலா, பந்தலூர்ப் பக்கம் 1880 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பாறையைக் குடைந்து தங்கம் தேடி நஷ்டப்பட்டன. வெள்ளிக்கு ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கிய நிறுவனம். ஃபிலிமில் பூசியிருக்கும் வெள்ளி புரோமைடு துகளில் ஒளி பட்டு, அதை டெவலப்பரில் போட்டதும் புரோமினைக் கைவிட்டு வெள்ளி உலோகமாகிவிடும். பழைய படச்சுருளில் கறுப்பாகத் தெரிவதே வெள்ளிதான்.

மலையேறும் முன் அட்டவணையின் படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 2, 11, 13 ஆகிய தொகுதிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் கூட வந்தால், முதலில் ஹைட்ரேஞ்சியாவைக் காட்டுங்கள்.