வீரமாமுனிவரின் நடைத்தேர்வும் இன்றைய கத்தோலிக்க எழுத்தாளரும்

1. நோக்கம்

இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகத்தில் சமயப்பணி ஆற்றிய வீரமாமுனிவரை முன்னோடியாகக் கொள்ளாத தமிழ்க் கத்தோலிக்க எழுத்தாளர் அரியர். ஆயினும், எழுதத் தொடங்குவோர் அவரிடம் பெற விழைவது பெரும்பாலும் தேம்பாவணியின் சொல்வளத்தையே. அவரிடம் முதலில் கற்கத்தக்கது சொல்வளம் அன்று. படிப்போரை அறிந்து நடையைத் தேர்ந்த முறையே என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. நடை வேறுபாடு

3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணி (1726) புலவர் அவையை நோக்கியது. நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தொடங்கும் காப்பிய மரபுக்குள் யூதேயாவை அது கொண்டுவருகிறது. வேதியர் ஒழுக்கமோ உபதேசியார்க்கு உரியது. ஆதலின் உரைநடையில் அமைந்தது. பரமார்த்த குருவின் கதை பேச்சு வழக்கை ஒட்டி நடக்கிறது. மூன்றும் ஒருவர் எழுத்தே. எனினும் ஒன்றன் நடை மற்றொன்றில் புகவில்லை.

3. பெயர் வழக்கு

எபிரேய மொழியில் ‘யோசேப்பு’ என்பது மிகுதலையும், ‘யோவான்’ என்பதன் மூலம் இறையருளையும் உணர்த்தும். காப்பியத்தில் இவர்கள் வளன், கருணையன் ஆயினர். இவை ஒலிபெயர்ப்பு அல்ல, பொருள்பெயர்ப்பு. இவற்றுள் ‘வளன்’ நிலைத்தது. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி உண்டு. ‘கருணையன்’ காப்பியத்தளவில் நின்றது. மக்கள் வழிபாட்டில் அதே நெறியில் அமைந்த ‘அருளப்பர்’ வேரூன்றியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோசேப்பு, யோவான் என ஒலிபெயர்ப்பை மேற்கொண்டது.

எனவே புனிதர் ஒருவர்க்கே சூசையப்பர், வளனார், யோசேப்பு என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. புதினத்தில் வரும் மூதாட்டி ஒருத்தி மெழுகுவர்த்தி ஏற்றி ‘வளனாரே’ என வேண்டினால், தமிழ் தூயதாகலாம், வேண்டுதல் பொய்யாகிவிடும். அவள் வாயில் பிறப்பது ‘சூசையப்பரே’ என்பதே. மொழிபெயர்ப்பாளரும் இங்கேயே மிகுதியும் இடறுகின்றனர்.

4. முடிவு

தேம்பாவணியின் நடையை இன்று பின்பற்றுவோர் முனிவரின் சொற்களை எடுத்துக்கொண்டு அவர்தம் நெறியைக் கைவிடுகின்றனர். யாருக்கு எழுதுகிறோம், யார் பேசுகிறார் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அவர் சொல்லைத் தேர்ந்தார். சமய எழுத்து உண்மையாக ஒலிப்பதற்கு அவ்வொழுங்கே முதற்படியாகும்.