குறிஞ்சி நிலத்தில் முல்லை உரிப்பொருள்: செசானின் மலை ஓவியங்கள்

முன்னுரை

திணைக் கோட்பாட்டைப் பிறநாட்டுக் கலைகளுக்குப் பொருத்திக் காணும் முயற்சிகளில், மலையைத் தீட்டிய ஓவியம் எதுவாயினும் அதைக் குறிஞ்சி ஓவியம் என்றழைப்பது எளிதில் நேர்ந்துவிடுகிறது. அவ்வாறு அழைக்குங்கால் திணை வெறும் நிலப்பெயராகச் சுருங்குகிறது. முதல், கரு, உரி ஆகிய மூன்றனுள் உரிப்பொருளே தலையாயது என்னும் மரபுக்கு இது மாறானது. பிரெஞ்சு ஓவியர் பால் செசான் (1839–1906) எண்ணெய் வண்ணத்தில் மீண்டும் மீண்டும் தீட்டிய சாந்த் விக்துவார் மலை இச்சிக்கலைத் தெளிவாக்குகிறது.

கருப்பொருளின் தேய்வு

தென்பிரான்சில் செசானின் பிறப்பூராகிய எக்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை இது. 1887ஆம் ஆண்டளவில் தீட்டப்பெற்று இப்போது இலண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் வயல்கள், பண்ணை வீடுகள், தொடர்வண்டிப் பாலம் ஆகிய யாவும் இனங்காணத்தக்கன. முன்னிற்கும் பைன் மரத்தின் கிளை மலையின் விளிம்பையொட்டி வளைகிறது. 1902இல் லே லோவ் குன்றில் பணிக்கூடம் அமைத்தபின் தீட்டியவற்றில் இக்கருப்பொருள்கள் கரைகின்றன. பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் உள்ள 1902–04 காலத்து ஓவியத்தில் வீடுகள் காவிநிறத் திட்டுகளாகவும் மரங்கள் பச்சைத் திட்டுகளாகவும் எஞ்சுகின்றன. மாந்தர் எவரும் இல்லை. தினைப்புனமும் கிளிகடியும் மகளிரும் வேங்கையும் நிறைந்த சங்கக் குறிஞ்சியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

பொழுதும் எண்ணெயும்

முதற்பொருளின் மற்றொரு கூறாகிய பொழுதும் இங்கு மங்குகிறது. 1890–91இல் வைக்கோற்போர்களைத் தீட்டிய மோனே, ஒளி மாறுந்தோறும் துணியை மாற்றிப் பொழுதையே பொருளாக்கினார். செசானோ ஒரே துணியிடம் பலமுறை மீண்டார். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து பல நாட்களில் மெல்ல இறுகுவது. அடுக்கின்மேல் அடுக்காகத் தீட்டுவோர்க்கு அது காத்திருப்பையும் விதிக்கிறது. காலையின் திட்டும் மாலையின் திட்டும் அருகருகே அமைய, ஓவியம் எந்த நாழிகைக்கும் உரியதன்றாகிறது. பிற்கால ஓவியங்கள் சிலவற்றில் வண்ணம் படாத வெற்றுத்துணி ஆங்காங்கே தெரிவதும், பணி முடிவுறாது நீள்வதையே உணர்த்துகிறது.

உரிப்பொருள்

இவ்வோவியங்களின் உரிப்பொருள் கூடல் அன்று, ஆற்றியிருத்தல். நிலம் குறிஞ்சியாயினும் ஒழுக்கம் முல்லையினுடையது. உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது தொல்காப்பிய நெறி. எனவே, குறிஞ்சி நிலம் முல்லை ஒழுக்கத்தோடு வந்து மயங்கியது எனக் கொள்வதே பொருந்தும். திணைப்பெயரை நிலத்தால் அன்றி ஒழுக்கத்தால் இட்டால் இவை முல்லை ஓவியங்களாகும்.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. முல்லையின் இருத்தல் இருவருக்கிடையே நிகழ்வது. தலைவன் குறித்துச் சென்ற கார்ப்பருவம் அதற்கு வரம்பாகிறது. செசானின் இருத்தலுக்கோ மீண்டுவரும் தலைவனும் இல்லை, குறித்த பருவமும் இல்லை. 1906 அக்டோபரில் வெளியில் தீட்டிக்கொண்டிருந்தபோது மழையில் அகப்பட்டு நோயுற்ற அவர், சில நாட்களில் மறைந்தார்.

முடிவுரை

பிறநாட்டு ஓவியத்துக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுவதோடு திணைக் கோட்பாட்டின் பயன் முடிவதில்லை. ஓவியத்தில் இல்லாததையும் அது காட்டவல்லது. கார் வரும் என்னும் உறுதி நீங்கிய முல்லையாக இம்மலையைக் காணும்போதே அதன் தனிமை புலனாகிறது. குறிஞ்சி என்று பெயரிட்டு அமைந்துவிடும் திறனாய்வுக்கு அத்தனிமை எட்டாது.