கோபத்தின் காரணத்தை வெட்டலாமா?

தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற மைடாஸின் கதையில், அவன் மகளும் பொற்சிலையாகிவிடுவாள் என்றுதான் குழந்தைகள் படித்திருப்பார்கள். ரோமக் கவிஞர் ஓவிட் எழுதியதில் அப்படியொரு மகளே இல்லை. அங்கே அவனைக் கெஞ்ச வைப்பவை பசியும் தாகமும்தான். மகளைச் சேர்த்து, மேரிகோல்ட் என்று பெயரும் வைத்தவர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன். பிறகு வால்டர் கிரேன் அந்தக் காட்சியை வரைந்தார். இன்றைய படப்புத்தகங்கள் பலவும் அதையே மூலக்கதைபோலச் சொல்கின்றன.

இந்தச் சேர்க்கையை நான் வரவேற்கிறேன். ரொட்டி பொன்னாகிப் பல்லில் இடறினால் ஆறு வயதுக் குழந்தை சிரிக்கும். அணைத்த மகள் அசையாமல் நின்றால் பேராசைக்கு என்ன விலை என்பது சொல்லாமலே புரியும். ஆனால் ஓவிட்டின் மைடாஸ் பொன் வரத்தால் பட்ட பாட்டுக்குப் பிறகும் திருந்துவதில்லை. இசைக் கடவுள் அப்பல்லோவின் இசையைவிடக் காட்டுத் தெய்வம் பானின் குழலே உயர்ந்தது என்று உளறி, கழுதைக் காதுகளை வாங்கிக்கொள்கிறான். மகளின் கண்ணீரோடு முடியும் புத்தகங்களில் இந்த வேடிக்கைக்கு இடமில்லை.

சேர்ப்பதைவிட வெட்டுவதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். பெர்செபனியைப் பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் தூக்கிச் செல்கிறான். பழைய கிரேக்கத் துதிப்பாடலின்படி இதற்குச் சம்மதம் தந்தவன் அவள் தந்தை ஜீயஸ். விளைச்சலின் தெய்வமான தாய் டிமிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாதார்னோ, வெறுமையான தன் அரண்மனைக்கு ஒரு குழந்தையின் கலகலப்பை நாடும் தனியனாகப் பாதாள அரசனை மாற்றினார். தந்தையின் பங்கை விட்டுவிடும் மறுகூறல்களில், டிமிட்டர் உலகைப் பட்டினி போடுவது வெறும் அழுகையாக, பருவமாற்றத்துக்கான விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது.

1962இல் இங்ரி, எட்கர் டோலேர் தம்பதி வெளியிட்ட கிரேக்கத் தொன்ம நூல் எனக்கு மிகப் பிடித்தமானது. ஜீயஸின் தந்தை குரோனஸ் தன் பிள்ளைகளை விழுங்குவதைக்கூட அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் ஜீயஸின் கள்ள உறவுகள் பலவற்றை அவர்கள் திருமணங்களாக்கிவிட்டார்கள். பாலுறவைச் சிறுவர் நூலில் தவிர்த்தது சரியே. ஆனால் கணவனின் துரோகம் மறைந்ததும் ஹீரா காரணமில்லாமல் பொறாமைப்படும் மனைவியாகிறாள். கத்தரிக்கோல் ஆணின் பிழைமேல் படுகிறது. பெண்ணின் சினம் மட்டும் அப்படியே மிஞ்சுகிறது.

இதற்கு வழி மூலத்திலேயே இருக்கிறது. பெர்செபனி தந்தையைக் கூவி அழைக்கும் வேளையில், ஜீயஸ் எங்கோ தொலைவில், தன் கோயிலில் மனிதர்களின் காணிக்கைகளைப் பெற்றுக்கொண்டு அமர்ந்திருக்கிறான். இடப்பக்கத்தில் தேரில் அலறும் மகள், வலப்பக்கத்தில் காணிக்கைக் குவியல் நடுவே முகம் திருப்பிய தந்தை என்று ஓவியர் வரையலாம். குழந்தைக்கு ஒவ்வாதது அதில் எதுவுமில்லை. பின்னால், விளைச்சல் நின்று அந்தக் காணிக்கைகளே அற்றுப்போகும் நிலை வரும்போதுதான் ஜீயஸ் இறங்கிவருகிறான். டிமிட்டர் எதைக் குறிவைத்து அடித்தாள் என்பதை அந்த ஓவியத்தைப் பார்த்த குழந்தை தானே கண்டுபிடித்துவிடும்.